அவருக்கு ஆபீஸ் வேலை... கூடவே நீங்களும் போகலாமே!

"அடுத்த வாரம் ஹைதராபாத்ல ரெண்டு நாள் ட்ரெய்னிங். ஆபீஸே ரூம் போட்டுத் தருது. நீயும் வாயேன்!"

கணவர் இப்படிக் கேட்டதும் பெரும்பாலான வீடுகளில் வருகிற முதல் பதில் என்ன தெரியுமா? "ஐயோ, பசங்களை யார் பார்த்துக்கறது?" அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அவர் தனியாகப் போவார். இரவு பத்து மணிக்கு போன் செய்து, "சாப்பிட்டாச்சா? பசங்க தூங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். இப்போது பல வீடுகளில் மனைவிக்குத்தான் ஆபீஸ் பயணம் வருகிறது. அங்கேயும் இதே கதைதான்.

'சித்த வைத்தியர் சூரணம், லேகியம் பற்றி எழுதுவார். ஊர் சுற்றுவது பற்றி எழுத இவருக்கு என்ன இருக்கிறது?' என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கிறது. மேலே படியுங்கள்.

நோய் எங்கே இருக்கிறது?

முப்பத்தைந்து வயதுக்கு மேல் என்னிடம் வரும் தாய்மார்களில் பலருக்கு ஒரே மாதிரியான தொந்தரவுகள். நெஞ்செரிச்சல், தலைபாரம், மலச்சிக்கல், படுத்தால் தூக்கம் வருவதில்லை. ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கும். நாடி பார்த்தால் பித்தம் ஏறி, வாதமும் சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும்.

ஒரு தடவை இப்படி வந்த ஒரு அம்மாவோடு அவர் கணவரும் வந்திருந்தார். நல்ல மனிதர். "இவங்க ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறாங்க?" என்று அவரிடம் கேட்டேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை! ஒரே அறையில் பதினான்கு வருஷமாகப் படுக்கிறவர்கள். மருந்தோடு, "அடுத்த ஆபீஸ் பயணத்துக்கு இவங்களையும் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினேன். போய்விட்டு வந்த அந்த அம்மா சொன்னது சார்மினாரைப் பற்றியோ, வளையல் கடையைப் பற்றியோ அல்ல. "மூணு நாள் நான் சூடா சாப்பிட்டேன் டாக்டர்!" என்றார்.

தாய்மார்களே, உங்களில் எத்தனை பேர் கடைசியாக எப்போது சூடாகச் சாப்பிட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எல்லோரும் எழுந்த பிறகு, ஆறிப்போனதை, நின்றுகொண்டே சாப்பிடுகிற வயிற்றுக்கு எத்தனை சூரணம் கொடுத்தாலும் பாதிப் பலன்தான்.

மருந்து, அனுபானம், பத்தியம்

சித்த மருத்துவத்தில் மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பும் வழக்கம் இல்லை. அதைத் தேனில் குழைத்துச் சாப்பிடணுமா, பாலிலா, வெந்நீரிலா என்று சொல்வோம். அது அனுபானம். மருந்து சாப்பிடும் நாட்களில் எதைத் தள்ள வேண்டும் என்று சொல்வோம். அது பத்தியம். மருந்தை நிறுத்திய பிறகும், எத்தனை நாள் மருந்து சாப்பிட்டோமோ அத்தனை நாள் அதே ஒழுக்கத்தோடு இருக்கச் சொல்வோம். அதற்கு மறுபத்தியம் என்று பெயர்.

கணவன், மனைவி இருவர் மட்டும் போகும் இந்த மூன்று நாள் பயணத்தையும் ஒரு மருந்தாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அளவு தவறினால், பத்தியம் முறித்தால், வயிற்றுப்போக்கும் சண்டையும்தான் மிச்சம். முறையாக எடுத்துக்கொண்டால் மாதக்கணக்கில் பலன் தரும். ஹைதராபாத்தையே உதாரணமாக வைத்து வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், பின்னால் இருக்கும் வீட்டைக் கவனியுங்கள்

மனசு வீட்டிலேயே இருந்தால் பயணம் பலிக்காது. அதனால் இதைச் சரியாகச் செய்துவிடுங்கள்.

பால் குடிக்கும் குழந்தை இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். குழந்தைக்குக் காய்ச்சலோ, இரைப்போ இருக்கும் வாரத்திலும், பரீட்சை வாரத்திலும் போக வேண்டாம்.

பிள்ளைகளிடம் சொல்லாமல், தூங்கும்போது நைசாகக் கிளம்புவது மகா தப்பு. விழித்துப் பார்க்கும் குழந்தை, 'அம்மா எப்போது வேண்டுமானாலும் காணாமல் போவாள்' என்று பயந்துவிடும். "புதன்கிழமை ராத்திரி போறோம், ஞாயித்துக்கிழமை காலையில டிபனுக்கு வந்துடுவோம்" என்று காலண்டரில் கோடு போட்டுக் காட்டுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்து சேருங்கள்.

ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். குழந்தைகள் டாக்டரின் போன் நம்பர், பக்கத்து வீட்டுக்காரர் நம்பர், ஆம்புலன்ஸ் 108, எந்த மருந்து, எந்த உணவு குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது என்பது, காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி என்பது. அந்த அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. உங்கள் டாக்டரிடம் கேட்டே எழுதுங்கள். தாத்தாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பாட்டியின் உடம்பையும் நினைத்துப் பாருங்கள். முழங்கால் வலியோடு இரண்டு வாண்டுகளின் பின்னால் அவரால் ஓட முடியுமா? மூன்று நாளும் சமையலுக்கோ, பாத்திரத்துக்கோ ஒரு ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். இட்லி மாவு அரைத்து வைத்துவிட்டால் பாதி கவலை தீரும்.

போன்? ஒரு நாளைக்கு ஒரு தடவை, குறித்த நேரத்தில் போதும். படுக்கும் நேரத்தில் வீடியோவில் முகத்தைக் காட்டினால் சிறு பிள்ளைகள் அழுவார்கள். பள்ளி விட்டு வந்து விளையாடப் போகும் முன் பேசிவிடுங்கள்.

உங்கள் உடம்பைத் தயார் செய்யுங்கள்

எண்ணெய்க் குளியலைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் அலையக்கூடாது, பகலில் தூங்கக்கூடாது, குளிர்ந்த பண்டங்கள் கூடாது, தாம்பத்யமும் கூடாது என்பது சித்த மருத்துவ விதி. புறப்படும் அன்று தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு, ஜன்னல் ஓரக் காற்றில் உட்கார்ந்து வந்தால் ஜலதோஷத்தோடுதான் இறங்குவீர்கள்.

மாதவிலக்கைத் தள்ளிப்போட, கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் நம் பெண்களிடம் இருக்கிறது. வேண்டாம் அம்மா! அது ஹார்மோன் மாத்திரை. ரத்தக்கட்டி வந்தவர்கள், பிரஷர் உள்ளவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள் எல்லோருக்கும் அது ஒத்துக்கொள்ளாது. மகளிர் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். தேதி இடித்தால், "எனக்கு அந்த நாள், மெதுவா நடப்போம்" என்று கணவரிடம் சொல்லுங்கள். கேட்டு நடக்காத கணவரா உங்களுக்கு வாய்த்திருக்கிறார்?

சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் அல்ல, கையோடு இருக்கும் பையில். 'ஊருக்குப் போற இடத்துல மாத்திரை எதுக்கு' என்று நிறுத்திவிடாதீர்கள்.

கைப்பையில் என்ன இருக்கணும்?

* மேல்தோல் சீவிய சுக்குத் துண்டு. பயணத்தில் குமட்டினால் ஒரு சிறு துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம்.

* பஞ்ச தீபாக்கினி சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம் சேர்ந்தது. வயிறு மந்தமானால் கால் ஸ்பூன் வெந்நீரில். இதில் சர்க்கரை சேர்ப்பார்கள். நீரிழிவுக்காரர்கள் ஓமமும் சீரகமும் கொதிக்க வைத்த தண்ணீரே குடிக்கலாம்.

* திரிபலா சூரணம். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்தது. ஊர் மாறினால் மலச்சிக்கல் வருகிறவர்கள் இரவில் கால் முதல் அரை ஸ்பூன் வெந்நீரில். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஒரு வாரம் முன்பே வீட்டில் சாப்பிட்டு, உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முதல் சோதனையை லாட்ஜில் வைத்துக்கொண்டால் சார்மினாருக்குப் பதில் பாத்ரூமைத்தான் பார்ப்பீர்கள்!

* உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு. கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை மட்ட டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம்.

ரயிலில் அடக்காதீர்கள்!

இயல்பாக எழும் உந்துதல்களைச் சித்த மருத்துவம் பதினான்கு வேகங்கள் என்கிறது. மலம், சிறுநீர், தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், கண்ணீர் எல்லாம் இதில் அடக்கம். இவற்றை அடக்கினால் நோய் வரும். பயணத்தில் நம் பெண்கள் செய்வது என்ன? டாய்லெட் அசிங்கமாக இருக்கிறது என்று தண்ணீரே குடிக்கமாட்டார்கள். குடித்தாலும் சிறுநீரை அடக்குவார்கள். ஊர் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் நீர்க்கடுப்பு! தண்ணீரைக் குடியுங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை எழுந்து போய் வாருங்கள். காலுக்கும் ரத்த ஓட்டம் கிடைக்கும்.

அவர் வேலையில், நீங்கள் அறையில்

புதன் இரவு ரயிலேறினால் வியாழன் காலை ஹைதராபாத். வியாழனும் வெள்ளியும் அவருக்கு வேலை. சனிக்கிழமை இருவருக்கும் சொந்தம். சனி இரவு ரயில், ஞாயிறு காலை வீடு. இப்படித் திட்டம் போட்டால் கச்சிதம்.

அந்த இரண்டு பகலும் நீங்கள் தனியாக என்ன செய்வது? 'கையில் காசு இருக்கு, எல்லாக் கடையும் ஏறி இறங்கிடலாம்' என்று கிளம்பாதீர்கள். பகல் தூக்கம் வாதத்தைக் கூட்டும் என்பது எங்கள் சாஸ்திரம். ஆனாலும் ரயிலில் தூக்கம் கெட்ட அன்று, சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் கண்ணயர்வது தப்பில்லை. பிறகு குளித்து, தலைவாரி, ஒரு புத்தகத்தோடு உட்காருங்கள். யாரும் "அம்மா" என்று கூப்பிடாத அறையில் முதல் ஒரு மணி நேரம் கை, கால் ஓடாது. எழுந்து எதையாவது துடைக்கத் தோன்றும். அப்படியே உட்காருங்கள். அந்தப் பதற்றம் அடங்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்.

மாலையில் சாலார்ஜங் மியூசியம் பார்க்கலாம் என்று வெள்ளிக்கிழமை போய் நிற்காதீர்கள். வெள்ளி அங்கே விடுமுறை. வியாழன் பகலில் தூங்கி எழுந்து நீங்கள் மட்டும் போகலாம், அல்லது சனிக்கிழமை இருவருமாகப் போகலாம். மணிக்கு ஒரு தடவை சின்ன பொம்மை வெளியே வந்து மணி அடிக்கும் கடிகாரம் அங்கே உண்டு. அதன் முன்னால் பெரியவர்களும் குழந்தைகளாகிவிடுவார்கள்.

பிரியாணியும் பித்தமும்

ஹைதராபாத் போய் பிரியாணி சாப்பிடாதே என்று சொன்னால் என் சூரணத்தை யாரும் வாங்கமாட்டீர்கள். சாப்பிடுங்கள். ஆனால் மதியம் சாப்பிடுங்கள். ஒரு பிளேட்டை இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். கூடத் தரும் மிர்ச்சி கா சாலனில் பச்சை மிளகாய், புளி, எள், வேர்க்கடலை எல்லாம் சேரும். புளிப்பும் காரமும் உப்பும் பித்தத்தை ஏற்றும். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் தொட்டுக்கொள்வதோடு நிறுத்துங்கள். ஆந்திரச் சாப்பாட்டில் வரும் கோங்கூரா, நம் புளிச்சகீரைதான். அதற்கும் இதே அளவுதான்.

இரவு எட்டு மணிக்குள் இட்லியோ, சப்பாத்தியோ, தயிர் சாதமோ போதும். பத்து மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுத்தால், இரவெல்லாம் வயிறுதான் விழித்திருக்கும். அந்த ஊரின் இரானி டீ அருமையாக இருக்கும். தூக்கம் வராதவர்கள் மாலை நான்கு மணிக்குள் குடித்துவிடுங்கள். ஐஸ் போட்ட ஜூஸ், தெருவில் நறுக்கி வைத்த பழம், திறந்து கிடக்கும் சட்னி மூன்றையும் தள்ளிவிடுங்கள். வாழைப்பழம், ஆரஞ்சு போல நீங்களே உரித்துச் சாப்பிடும் பழம் நல்லது.

மாலைக்கு ஒரு பத்தியம்

அவர் வேலை முடிந்து வந்ததும் ஹுசைன் சாகர் ஏரிக்கரைக்குப் போங்கள். ஏரி நடுவில் 1992-ல் நிறுத்திய ஒரே கல்லாலான புத்தர் சிலை நிற்கிறது. விளக்குப் போட்ட பிறகு பார்க்க அழகு. அரை மணி நேரம் நிதானமாக நடங்கள்.

இந்த நடையில்தான் பத்தியம். ஒரு மணி நேரத்துக்கு மூன்று பேச்சுக்கள் தள்ளுபடி. பிள்ளைகளின் மார்க், வீட்டுக் கடன், மாமியார் அல்லது நாத்தனார். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் பேச ஒன்றுமே இல்லையே என்று திகைப்பாக இருக்கும். இருக்கட்டும். முதல் பத்து நிமிஷம் சும்மாவே நடங்கள். அப்புறம் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். "உனக்கு இப்ப என்ன பிடிக்குது?" என்று கேளுங்கள். கல்யாணத்தின்போது பிடித்தது இப்போது பிடிக்காமல் போயிருக்கலாம். செல்போன் அறையில் கிடக்கக்கூடாது, அவசரத்துக்கு வேண்டும். பையில் இருக்கட்டும், கையில் வேண்டாம்.

சனிக்கிழமை காலை வெயில் ஏறும் முன் கோல்கொண்டா கோட்டை. உச்சிக்குச் சுமார் 360 படிகள். முழங்கால் வலி, மூச்சு வாங்குதல் உள்ளவர்கள் உச்சிக்குப் போகணும் என்று கட்டாயமில்லை. படியேறும்போது நெஞ்சில் அழுத்தம், வேர்வை, தாடை அல்லது இடது கையில் வலி வந்தால் அது 'வாயு' என்று சமாளிக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

அந்தக் கோட்டையில் ஒரு விசேஷம் உண்டு. கீழே நுழைவாயிலின் வளைவுக்கு அடியில் நின்று கை தட்டினால், உச்சியில் இருப்பவருக்குக் கேட்கும். எதிரி வருவதைச் சொல்ல அப்படிக் கட்டினார்கள். ஒருவர் கீழே நின்று தட்டுங்கள், ஒருவர் மேலே போய்க் கேளுங்கள். அவ்வளவு தூரத்துக்குக் கேட்கிறது! வீட்டில், பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் நமக்குக் கேட்பதில்லை.

தாம்பத்யம் பற்றி ஒரு வார்த்தை

'ஹனிமூன் மாதிரி இருக்கணும்' என்று கணக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான் வரும். பயணக் களைப்போடும், நிறைந்த வயிற்றோடும் உறவு நல்லதல்ல. முதல் இரவு நன்றாகத் தூங்குங்கள். மற்றது தானாக வரும். வராவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கை கோத்துத் தூங்கினாலே பாதி வைத்தியம் ஆகிவிடும்.

இரண்டு எச்சரிக்கை. வீட்டில் கடைப்பிடிக்கும் கருத்தடை முறையை ஊரிலும் மறக்காதீர்கள். உறவுக்குப் பின் பெண்கள் சிறுநீர் கழித்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது நல்லது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு நெருங்கும் தம்பதிகளில், மனைவிக்கு நீர்க்கடுப்பு வருவது சகஜம். எரிச்சல் லேசாக இருந்தால் பார்லி கஞ்சித் தண்ணீர், இளநீர். எரிச்சல் ஒரு நாளில் தணியாவிட்டாலும், காய்ச்சல், இடுப்பு வலி, ரத்தம் கலந்த சிறுநீர் வந்தாலும் டாக்டரிடம் போய்விடுங்கள்.

மறுபத்தியம்தான் முக்கியம்

ஞாயிறு காலை வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் காலைக் கட்டிக்கொள்ளும். பாட்டி புகார்ப் பட்டியல் வாசிப்பார். துணி மலையாகக் குவிந்திருக்கும். 'இதுக்குத்தான் போக வேண்டாம்னேன்' என்று ஒரு நொடி தோன்றும். பாட்டிக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். அன்று முழுக்க அவருக்கு ஓய்வு கொடுங்கள். துணி திங்கட்கிழமை வரை காத்திருக்கும்.

இப்போதுதான் மறுபத்தியம் தொடங்குகிறது. மருந்துக்கு மூன்று நாளென்றால் மறுபத்தியமும் மூன்று நாள். ஆனால் இந்த வைத்தியத்துக்கு நாள் கணக்கை நான் தளர்த்தமாட்டேன், கூட்டித்தான் சொல்வேன்.

ஒன்று: தினமும் இரவு பிள்ளைகள் படுத்த பிறகு பதினைந்து நிமிஷம், அந்த மூன்று பேச்சும் இல்லாமல் இருவரும் மொட்டை மாடியிலோ, வாசலிலோ உட்காருங்கள்.

இரண்டு: வாரத்தில் ஒரு வேளையாவது அம்மாவுக்கு முதலில் பரிமாறுங்கள். அப்பா தோசை வார்க்கட்டும், பிள்ளைகள் சட்னி எடுத்து வைக்கட்டும். அம்மா உட்கார்ந்து சூடாகச் சாப்பிடட்டும்.

மூன்று: மனைவி எத்தனை மணிக்குத் தூங்குகிறார், கணவருக்கு எந்த மாத்திரை எப்போது என்று ஒருவருக்கொருவர் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள். தூக்கமும் ஜீரணமும் எப்படி இருக்கிறது என்று நீங்களே கவனியுங்கள். அப்படியும் தூக்கமின்மை நீடித்தால், காரணமில்லாமல் அழுகை வந்தால், எதிலும் பிடிப்பே இல்லாமல் போனால், அது ஊர் சுற்றித் தீர்க்கிற விஷயமில்லை. தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

இந்தத் தடவை அவர், "நீயும் வாயேன்" என்று கேட்டால், "பசங்களை யார் பார்த்துக்கறது?" என்று உடனே முடித்துவிடாதீர்கள். "எந்தத் தேதி? அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். சுக்கை மறக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்லபடியாகப் போய் வாருங்கள்!